அபெரிஸ்ட்வித்: தண்டவாளம் முடியும் ஊர்

பர்மிங்காம் நகரத்தில் மேற்கு நோக்கிப் புகைவண்டி ஏறுகிறவன், ஷ்ரூஸ்பரியில் வண்டி திசை மாறிப் புறப்படுவதைக் கண்டு ஒரு கணம் திகைத்து, பிறகு ஆடுகள் மேயும் மலைச்சரிவுகளையும் டவி ஆற்றின் அகன்ற முகத்துவாரத்தையும் கடந்து, ஏறக்குறைய மூன்று மணி நேரத்திற்குப் பின் இறங்கும் கடைசி நிலையமே அபெரிஸ்ட்வித். அதற்கு மேல் செல்லத் தண்டவாளமும் இல்லை, நிலமும் இல்லை. வேல்ஸ் நாட்டின் மேற்குக் கரையில், கார்டிகன் விரிகுடாவின் ஓரத்தில், ரைடால், இஸ்ட்வித் என்னும் இரண்டு சிற்றாறுகள் கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்த ஊர் அது. நம்முடைய கணக்கில் ஒரு சிறு பட்டணம் என்றுகூடச் சொல்ல முடியாது. மேற்படிப்பின் பொருட்டு அங்கே சென்ற எனக்கு, சீமை என்றால் லண்டன் என்றே எண்ணிப் பழகிய மனம் அடங்குவதற்குச் சில வாரங்கள் பிடித்தன.

அடங்கியதற்கு முதற் காரணம் கடற்கரையில் நிற்கும் பழைய கலாசாலைக் கட்டிடம். கோபுரங்களும் வளைவுகளுமாகக் கோட்டையைப் போலத் தோன்றும் அது, உண்மையில் வித்தைக்காக எழுந்ததன்று. 1864-இல் ஊருக்குப் புகைவண்டி வந்த காலத்தில், தாமஸ் சேவின் என்ற ரயில்வே கண்டிராக்டர், கடற்காற்று வாங்க வரும் பிரயாணிகளை நம்பி, செடன் என்ற சிற்பியைக் கொண்டு மாபெரும் விடுதியாக அதை எழுப்பத் தொடங்கினார். வேலை முடிவதற்குள் மனிதர் திவாலாகிப் போனார். தங்களுக்கென ஒரு சர்வகலாசாலை வேண்டும் என்று அலைந்துகொண்டிருந்த வெல்ஷ்காரர்கள் 1867-இல் அந்த அரைகுறைக் கட்டிடத்தைப் பத்தாயிரம் பவுனுக்கு வாங்கி, 1872-இல் ஒரு சில மாணவர்களோடு பாடம் தொடங்கினார்கள். முதல் பத்தாண்டு காலம் அரசாங்கத்தின் மானியம் கிடையாது. 1875-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றைக் கலாசாலைக்கென்றே ஒதுக்கி, ஊர் ஊராகப் பிரார்த்தனைக் கூடங்களில் காசு திரட்டினார்கள். குடியானவர்களும் சுரங்கத் தொழிலாளிகளும், தம் பிள்ளைகள் அங்கே காலடி வைப்பார்கள் என்ற உறுதி சிறிதும் இல்லாதவர்கள்கூட, தட்டில் நாணயம் இட்டார்கள். செல்வர் ஒருவரின் பெயர் பொறித்த மண்டபங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு, பெயரில்லாத ஆயிரக்கணக்கானோரின் சில்லறைக் காசால் நிலைத்த ஒரு வித்தியாசாலை வேறுவிதமான மரியாதையை உண்டாக்கவே செய்கிறது. 1885-இல் நேர்ந்த பெரும் தீ விபத்துக்குப் பிறகும் அது மீண்டு எழுந்தது. முதல் மகாயுத்தத்தில் மாண்ட மாணவர்களின் ஞாபகார்த்தமாக 1919-இல் சர்வதேச அரசியலுக்கென்று ஒரு பேராசிரியர் பதவியை நிறுவியதும், உலகில் அத்துறைக்கு அதுவே முதலாவது என்பதும், அவ்வூரார் அடக்கமாக, ஆனால் தவறாமல் சொல்லும் செய்தி.

வெல்ஷ் பாஷை அங்கே காட்சிப் பொருளன்று. சாலையில் பூசிய எச்சரிக்கை முதல் வங்கி இயந்திரத்தின் திரை வரை இரண்டு பாஷைகள் உண்டு. இந்நிலை தானாக வந்ததுமன்று. 1963 பிப்ரவரி 2-ஆம் தேதி, குளிரில், ட்ரெவெக்கன் பாலத்தின்மீது உட்கார்ந்து போக்குவரத்தை மறித்த இளைஞர்கள் தொடங்கி வைத்த கிளர்ச்சியின் பலன் அது. 1969-இல் சார்லஸே, வேல்ஸ் இளவரசராகப் பட்டமேற்பதற்கு முன், ஒரு பருவம் இங்கே தங்கி அந்தப் பாஷையைப் பயில நேர்ந்தது. என் அடுத்த அறை மாணவன் ஆட்டுப் பண்ணைக் குடும்பத்தவன். தொலைபேசியில் தாயாரோடு வெல்ஷில் பேசி முடித்துவிட்டு, அதே மூச்சில் என்னிடம் ஆங்கிலத்தில் பால் இருக்கிறதா என்று கேட்பான். ஒரு நாள், "நீ பௌதிகத்தை உன் பாஷையில் படித்தாயா?" என்றான். பள்ளிக்கூடத்தில் படித்தேன், கல்லூரியில் இல்லை என்றேன். தங்களுக்கும் கலாசாலையில் சில பாடங்கள்தான் கிடைக்கின்றன, மீதிக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம் என்றான். நாங்கள் கேட்கிறோமா என்று அவன் கேட்காதது என் நல்ல காலம். அந்தப் பாஷையின் பழஞ்செல்வத்தைக் காப்பது, ஒரு குன்றின் மேல் இருக்கும் தேசிய நூலகம். அது 1907-இல் அரச சாசனம் பெற்றது. வெல்ஷ் மொழியின் மிகப் பழைய ஏட்டுப் பிரதிகளில் ஒன்றான கார்மார்தன் கருப்புப் புத்தகம் அங்கே பத்திரமாக இருக்கிறது.

சீதோஷ்ணத்தைப் பற்றி எச்சரிக்காமல் விடுவது தர்மமாகாது. சோழ மண்டலக் கரையில் பிறந்து, கடலிலிருந்து சூரியன் எழுவதையே கண்டவனுக்கு, அங்கே சூரியன் கடலுக்குள் இறங்குவது முதலில் தலைகீழாகப் படுகிறது. அதுவும் டிசம்பரில் பிற்பகல் நான்கு மணிக்கெல்லாம் இறங்கிவிடும். மழை மேலிருந்து பெய்யாமல் பக்கவாட்டில் வரும். ஆகையால் உள்ளூரார் குடையை நம்பாமல், தலையை மூடும் மேலங்கியையே நம்புகிறார்கள். புயல் நாட்களில் கடல் கூழாங்கற்களை வாரி நடைபாதைமேல் எறியும். 2014 ஜனவரியில் நடைபாதையே சிதைந்து, கரையோர விடுதி மாணவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். சாதாரண நாளிலும் சன்னல் கண்ணாடியில் வெள்ளை உப்புப் படிந்திருக்கும். விரலால் கோடு இழுத்தால்தான் வெளியே தெரியும்.

ஆயினும் மாலையில் அந்நடைபாதையில் உலாவாத மாணவன் இல்லை. வடகோடியில், வேறொரு குன்றின் அடிவாரத்தில் இருக்கும் இரும்புக் கம்பியைக் காலால் ஒரு தட்டுத் தட்டினால்தான், தேர் நிலைக்கு வந்தது போல, உலாவல் பூர்த்தியாகும். ஏன் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள், பேராசிரியர்களும் தட்டுகிறார்கள். இலையுதிர் காலத்தில் சூறைக்குருவி இனப் பறவைகள் பெருங்கூட்டமாகச் சுழன்று வந்து, அலைகளுக்கு மேலே நிற்கும் பழைய கடற்பாலத்தின் அடியில் இரவுக்கு அடையும் வேளையும் அதுவே. அக்குன்றின் உச்சிக்கு 1896 முதல் ஒரு கம்பிவட ரயில் ஏறி இறங்குகிறது. முதலில் தண்ணீரின் கனத்தால் இயங்கி, 1921-இல் மின்சாரத்துக்கு மாறிய அது, நடக்கிறவனைவிட அதிக வேகமில்லை. மாணவர்கள் கட்டணத்தை மிச்சப்படுத்திக்கொண்டு பக்கத்துப் பாதையில் ஏறிவிடுகிறார்கள்.