சும்மா சுழலும் சக்கரம்

பெங்களூருவில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவரும் அவருக்கு அப்பா விட்டுச்சென்றவற்றுள் நாளும் பயன்படுவது 2004ஆம் ஆண்டு மாருதி 800 ஒன்றுதான். வாரம் இருமுறை விடியற்காலையில் அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்வது அதில்தான். 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக ஏறியது. 2024இல் கைமாற்று வாங்கி அதையும் கட்டியிருந்தார்.

சென்ற மார்ச்சில் வண்டி கத்தத் தொடங்கியது. குளிர்ந்த இன்ஜினை எழுப்பியதும் தெருவையே எழுப்பும் கீச்சொலி. வீட்டருகே இருந்த பட்டறையில் பெல்ட்டில் விழுந்திருந்த விரிசல்களைக் காட்டினார்கள். விரிசல் உண்மைதான். இரண்டு பெல்ட்டுகளையும் மாற்றி, வீணைத் தந்திபோல் முறுக்கேற்றி அனுப்பினார்கள். இரண்டு வாரம் அமைதி. பிறகு கீச்சொலியோடு கரகரப்பும் சேர்ந்துகொண்டது.

கிராங்க் புல்லியிலிருந்து புறப்படும் அந்த இரண்டில் ஒன்று ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் சுழற்றுகிறது. அது அறுந்தால் பேட்டரி விளக்கு எரியும், வெப்பமுள் ஏறும், கவனியாமல் ஓட்டினால் அலுமினிய சிலிண்டர் ஹெட் கோணிவிடும். மற்றது ஏசி கம்ப்ரஸருக்கு உரியது. அதன் பாதையில் ஐட்லர் புல்லி என்றொரு சிறு சக்கரம் உண்டு. அது எதையும் இயக்குவதில்லை. பெல்ட் தளராதபடி தாங்கிக்கொண்டு சும்மா சுழல்வதே அதன் பணி. ஏசியை அணைத்தால் கம்ப்ரஸரின் கிளட்ச் விலகுமே தவிர, பெல்ட்டும் ஐட்லரும் ஓயாமல் சுழன்றுகொண்டேதான் இருக்கும். இதை அறியாததால், பெட்ரோலை மிச்சம்பிடிக்க மாதக்கணக்கில் ஏசியைத் தொடாதிருந்த அவர், குற்றம் அந்தப் பக்கத்தில் இருக்கும் என எண்ணவேயில்லை. மூன்றாம் இயலின் தடுமாற்றத்துக்கு முதல் இயலின் கேள்வியைச் சந்தேகிக்கப் பழகியவர்தான். பானட்டைத் திறந்தபோது அந்தப் பழக்கம் உதவிக்கு வரவில்லை.

சிவாஜிநகரில் ஒரு சந்துக்குள் பட்டறை வைத்திருந்த முதிய மெக்கானிக், நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை ஐட்லரின் நடு போல்ட்டில் வைத்து, கைப்பிடியைக் காதோடு பொருத்திக் கேட்டார். பின்பு ஏசி பெல்ட்டைக் கழற்றிவிட்டு இன்ஜினை இயக்கினார். ஒலி இல்லை. இன்ஜினை நிறுத்தி, ஐட்லரை விரலால் சுண்டினார். அது வெகுநேரம் தடையின்றிச் சுழன்றது.

"நல்லாத்தானே சுத்துது, பாய்?"

"அதுதாம்மா கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். உள்ளே கிரீஸ் இருந்தா இவ்வளவு நேரம் சுத்தாது."

மூடிய பேரிங்கில் கிரீஸ் நிறைந்திருந்தால் சக்கரம் சற்றே கனத்துச் சுழன்று விரைவில் நின்றுவிடும். காய்ந்துபோனதுதான் இப்படி உல்லாசமாகச் சுழலும். ஏற்கெனவே நொந்திருந்த அதன்மேல் புது பெல்ட்டின் மிகை இறுக்கம் சுமையை ஏற்றியிருந்தது. அவர் அடுத்த பெல்ட்டையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் உள்வாங்கும் அளவுக்குத் தளர்த்தினார். அதே இறுக்கம் ஆல்டர்னேட்டரின் பேரிங்கையும் வாட்டர் பம்பின் பேரிங்கையும் தின்றிருக்கும்.

"வேணாம்னா ஏசி பெல்ட்டைக் கழட்டியே விட்டுடுறேன். வண்டி ஓடும், செலவும் இல்ல."

அம்மாவும் முதல்நாள் அதையேதான் சொல்லியிருந்தார். உதவித்தொகை வந்து மூன்று மாதமாகியிருந்தது. ஆனால் 4 மணிநேர டயாலிசிஸ் முடிந்து, இரத்த அழுத்தம் தாழ்ந்து, ஏப்ரல் வெயிலில் கண்ணாடியை இறக்கிவிட்டு, லாரிப் புகைக்கு முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி அம்மா கதவில் சாய்ந்து வருவதை அவர் வாரம் இருமுறை பார்க்கிறார். ஜே.சி. சாலைக்குக் கிளம்பினார்.

கடைக்காரர் முழுப் புல்லி வேண்டுமா, பேரிங் மட்டும் போதுமா என்று கேட்டார். இத்தகைய புல்லிகள் பலவற்றில் 6203 என்ற எண்ணுள்ள பேரிங்தான் இருக்கும். உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர். பழையதை அழுத்தித் தள்ளிப் புதியதைப் பதித்தால் செலவு குறையும். ஆனால் கையிலிருந்த பழைய புல்லியின் பெல்ட் ஓடும் பரப்பு தேய்ந்து கண்ணாடிபோல் பளபளத்தது. முழுப் புல்லியையே வாங்கினார்.

பட்டறையில் அரைமணி வேலைதான். ஓர் இரும்புச் சட்டத்தைக் குறுக்கே வைத்துப் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் உள்ளனவா எனப் பார்த்தபின்பே மெக்கானிக் இறுதி போல்ட்டை முறுக்கினார். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் இறுக்கத்தை மறுபடி பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

மறுவாரம் மருத்துவமனை வாசலில், பதினொரு மணி வெயிலில், வண்டி முனகாமல் கிளம்பியது. அம்மா சற்றுநேரம் காதுகொடுத்துக் கேட்டார்.

"சத்தத்தையே காணோமே பாப்பா. ஏசியக் கழட்டிட்டியா?"

அவர் பதில் சொல்லவில்லை. கண்ணாடியை ஏற்றச் சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினார். பானட்டுக்குள் கிளட்ச் டக்கென்று பிடித்தது.