மேலே நன்னீர், கீழே உப்பு

நவக்கிரியில் நிலவரைக் கிணற்றின் கட்டில் நின்று எட்டிப் பார்த்தேன். பங்குனி வெயில். தண்ணீர் பச்சையாக, அசையாமல் கிடந்தது. அடியே இல்லாத கிணறு என்று சிறுவயதில் சொல்லித் தந்தார்கள். அடி இருக்கிறது, அங்கே இருப்பது உப்புத்தண்ணீர். குடிக்கக் கூடியது மேலே உள்ள பகுதி மட்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலமெங்கும் கதை இதுதான். நிலவரையில் அதை நின்று பார்க்க முடிகிறது.

எங்களுக்கு வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்கிற மழைதான் செம்மண்ணுக்குள்ளால் சுண்ணாம்புக்கல்லில் இறங்கி, உள்ளே பரவியிருக்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. அதைத் திருப்பிப் பார்த்தால் பயம் வரும். மேலே 1 மீற்றரை இறைத்துக் குறைத்தால், கீழிருந்து உப்பு 40 மீற்றர் ஏறப் பார்க்கும்.

புத்தூர்ப் பக்கம் ஒரு வெங்காயத் தோட்டத்தில் இறைப்பு நடந்துகொண்டிருந்தது. அன்று காலைதான் யூரியா எறிந்திருக்க வேண்டும். கரையாத வெள்ளை மணிகள் பாத்தி ஓரத்தில் கிடந்தன. வாய்க்கால் தண்ணீர் வந்து தொட்டதும் அவை காணாமல் போயின. போவது எங்கே? பயிர் எடுத்தது போக மிச்சம் நிலத்துக்குள் இறங்கி, அதே கிணற்றுக்கு நைத்திரேற்றாகத் திரும்பி வருகிறது. தோட்டக்காரர் ஐயாவிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். போத்தலைத் தந்தார்.

"கிணத்துத் தண்ணி குடிக்கிறேல்லை தம்பி. முந்தி துலாவிலை இறைச்சம். ஒரு பட்டை தண்ணியின்ரை பாரம் கைக்குத் தெரியும். இப்ப மெசின் இறைக்குது, கிணறு வத்தினாப் பிறகுதான் தெரியுது."

குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. வலிகாமத்தின் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அது தாண்டியிருக்கிறது. கொதிக்கவைத்தால் சரி என்று நினைக்கும் வீடுகள் இன்னும் உண்டு. கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் ஆவியாகக் குறைய, அதன் செறிவு கூடத்தான் செய்யும். புட்டிப்பாலை அந்தத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் வலுவை இழக்கிறது.

உரத்தை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. திரும்பும் வழியில் ஒழுங்கைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இரண்டு பரப்புக் காணியில் வீடு, கிணறு, மலசலகூடக் குழி மூன்றும். மதிலுக்கு அப்பால் அடுத்தவரின் குழி. கீழே இருப்பது வெடிப்பும் பொந்துமான கல். அதற்கு மதில் தெரியாது.

சுன்னாகத்தில் இதை எல்லோரும் கண்டார்கள். மின்நிலையத்தைச் சூழவுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்தது 2014, 2015இல் பெரும் பிரச்சினையானது. 2019இல் உயர் நீதிமன்றம், பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கும்படி தனியார் மின் நிறுவனமொன்றுக்குக் கட்டளையிட்டது. தீர்ப்பு சரியானதே. ஆனால் சுண்ணாம்புக்கல்லுக்குள் போனதைக் கழுவி எடுக்க எந்த நீதிமன்றத்தாலும் முடியாது.

2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர். வரவேற்க வேண்டியதுதான். என்றாலும் அந்தத் தண்ணீரில் வெங்காயம் நடமுடியாது, அது குழாய் போகாத ஒழுங்கைக்கு வராது.

ஆகவே, குழாய் வந்த வீட்டுக்காரருக்கும் வராத வீட்டுக்காரருக்கும் சொல்ல இதுதான் இருக்கிறது. உங்கள் கிணற்றுத் தண்ணீரை ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பாருங்கள்; கைக்குழந்தை இருக்கும் வீடென்றால் இந்தக் கிழமையே கொடுங்கள். ஆழக் குழாய்க்கிணறு அடித்துத் தருகிறேன் என்று வருபவரைத் திருப்பி அனுப்புங்கள். மழைநீர் தேங்கி நிலத்துக்குள் இறங்க, மாரிக்கு முன் ஊர்க் குளத்தைத் தூர்வாரக் கூடுங்கள்; அதில் குப்பை கொட்ட யாரையும் விடாதீர்கள்.