ஏர் இழுக்குது

பழைய இருசக்கர வண்டிகளின் மேல் பிரியம் உள்ளவர்களிடம் யமஹா ஆர்.எக்ஸ். 100 பற்றிக் கேட்டால் அதன் வேகத்தைப் பற்றித்தான் சொல்வார்கள். 1985 முதல் 1996 வரை இந்தியாவில் தயாரான அந்த 98 சி.சி. டூ ஸ்ட்ரோக் வண்டியின் 11 குதிரைத்திறன் அன்று பெரிய விஷயம். ஆனால் எஞ்சினின் உடல்நிலை, வண்டி நின்றபடி ஓடும்போது எழும் ஓசையில்தான் தெரியும்.

எங்கள் வீட்டு ஆர்.எக்ஸை இப்போது ஓட்டுவது கல்லூரிக்குச் செல்லும் என் மகன். சென்ற மார்கழியில் அது காலை வேளைகளில் முரண்டு பிடித்தது. சோக் போட்டு உதைத்தால் உயிர் பெறும். சோக்கை எடுத்ததும் திணறி அணையும். சூடேறிய பின் ஓடும் என்றாலும், ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகு உறுமல் உடனே தணியாது. ஒரு பட்டறையில் ஐடிலிங் ஸ்க்ரூவைச் சற்றே முறுக்கிக் கொடுத்தார்கள். அணைவது நின்றது; உறுமல் நிற்கவில்லை.

பிறகு பார்த்த முதிய மெக்கானிக் ஸ்க்ரூவைத் தொடவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். காப்பிப்பொடி நிறத்தில் இருக்க வேண்டிய முனை வெளுத்திருந்தது. "ஏர் இழுக்குது, சார்" என்றார்.

கசிவு என்றதும் உள்ளிருப்பது வெளியேறுவதாகவே நமக்குத் தோன்றும். இங்கே வெளியிலிருப்பது உள்ளே நுழைகிறது. பட்டறைச் சொல்லே துல்லியமானது. பிஸ்டன் மேலேறுகையில் கிராங்க் அறையில் காற்றழுத்தம் குறைகிறது. அதுதான் கார்புரேட்டர் வழியே அளந்த கலவையை உறிஞ்சுகிறது. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள ரப்பர் வெடித்திருந்தால், அளவுக்கு உட்படாத காற்றும் சேர்ந்து நுழையும். குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் நன்றாக ஆவியாவதில்லை; அதற்குச் செறிவான கலவை வேண்டும். கிடைப்பதோ மெலிந்த கலவை. வேகமாகப் போகும்போது உள்ளே செல்லும் காற்று ஏராளம் என்பதால் சிறு வெடிப்பின் பங்கு தெரியாமல் போகிறது.

எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, ஒவ்வோர் இணைப்பிலும் விரலால் கிரீஸ் தடவிக்கொண்டே வந்தார். ரப்பரின் அடிப்பக்கம் அடைபட்டதும் ஓசை மாறியது. அங்கும் மாறாதிருந்தால் அடுத்து மேக்னட் பக்க ஆயில் சீலைப் பார்த்திருப்பார். சிலர் பெட்ரோலைத் தெளித்தே சோதிப்பதுண்டு; சூடான எஞ்சினருகே அது தீயை அழைப்பது.

மெலிந்த கலவை எஞ்சினை அளவுமீறிச் சூடாக்கும். பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொண்டால் ஓட்டத்திலேயே பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். என் மகன் தினமும் செல்வது நெடுஞ்சாலையில். முறுக்கப்பட்ட அந்த ஸ்க்ரூ, எஞ்சின் காலைதோறும் தந்துவந்த எச்சரிக்கையை அடக்கி வைத்திருந்தது.

புது ரப்பரைப் பொருத்திய பின், மெக்கானிக் ஸ்க்ரூவைப் பழைய அளவுக்குத் தளர்த்தினார். மறுநாள் காலை சோக்கை எடுத்த பிறகும் எஞ்சின் அணையவில்லை. மகன் கிளம்பும்வரை வாசலில் நின்று அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.