நாலாவது பேர்!

‘ஏர்போர்ட்டில் வயான் வந்து நிற்பார்’ என்று ஓட்டல்காரர்கள் தகவல் அனுப்பியிருந்தார்கள். டார்கெட்டை எட்டிப் பிடித்ததற்காக ஆபீஸ் செலவில் நாலு நாள் பாலித் தீவு. டென்பசார் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்து, பந்தாவாக ‘‘வயான்!’’ என்று ஒரு குரல் கொடுத்தேன். அஞ்சு டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்!

‘‘எல்லாருமே வயான்தான் சார். வீட்டுக்கு மூத்தவங்க!’’ என்று சிரித்தபடி என் பெட்டியை வாங்கிக்கொண்டார் நம்ம வயான்.

உபுத் போகும் வழியெல்லாம் பேர்ப் பாடம்தான். பாலியில் பெரும்பாலான குடும்பங்களில் பேர் வைக்க மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். எண்ணத் தெரிந்தால் போதும். மூத்தது வயான், அடுத்தது மாதே (நம்ம ‘மத்திய’வுக்குச் சொந்தக்காரன்!), மூணாவது ஞோமான், நாலாவது கெதுத். பையனுக்கும் பெண்ணுக்கும் அதே பேர்தான். பையனென்றால் முன்னால் ஓர் ‘இ’, பெண்ணென்றால் ஒரு ‘நி’. கூடவே அவரவருக்கென்று தனிப்பேர் ஒன்றும் உண்டு. வயானுக்குப் பதில் புத்து, மாதேவுக்குப் பதில் காதெக், ஞோமானுக்குப் பதில் கோமாங் என்றும் வைப்பார்களாம். கெதுத்துக்கு மட்டும் மாற்று கிடையாது.

‘‘அஞ்சாவது பொறந்தா?’’

‘‘மறுபடி வயான்!’’

‘‘உங்களுக்கு எத்தனை குழந்தைங்க?’’

‘‘புத்து, காதெக். அத்தோட சரி!’’

நம்மூரில் சிவப்பு முக்கோணம் போட்டு ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்று சுவரெல்லாம் எழுதினார்களே... அதே மாதிரி இந்தோனேசியாவில் சுஹார்த்தோ ஆட்சியில் ‘இரண்டு பிள்ளை போதும்’ பிரசாரம். பாலி சமர்த்தாகக் கேட்டுக்கொண்டது. விளைவு? ஞோமானும் கெதுத்தும் குறைந்துகொண்டே வந்தார்கள். 2019-ல் பாலி ஆளுநர் வயான் கோஸ்தர் (அவரும் வயான்!), ‘ரெண்டோடு நிறுத்து என்று இனி பிரசாரம் வேண்டாம். நாலு பெற்றுக்கொள்ளலாம்’ என்று உத்தரவே போட்டார்.

‘‘எங்கம்மா கெதுத் சார். எங்க வீட்ல அவங்களோட அந்தப் பேர் முடிஞ்சது. அம்மாவுக்கு வருத்தம்தான். ஆனா, ‘பேரைக் காப்பாத்த நான் இன்னும் ரெண்டு பெத்துக்கணுமா? ஸ்கூல் ஃபீஸை யார் கட்டுறது?’ன்னு கேக்குறா என் சம்சாரம். நான் யார் பக்கம் பேச?’’ என்றார் வயான்.

எனக்கு அத்தை ஞாபகம் வந்தது. அப்பாவுக்கு நேர் மூத்தவர். நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததால் தாத்தா வைத்த பேர், ‘போதும்பொண்ணு’. அடுத்து அப்பா பிறந்தார். தாத்தாவுக்கு மகா திருப்தி! அத்தைக்கு? பேங்க்கில் பேர் சொல்லிக் கூப்பிட்டால், கூட்டம் சிரித்து முடித்த பிறகுதான் எழுந்து போவார்.

ஊர் திரும்பியதும் கதையைச் சொன்னேன். வெற்றிலை மடித்தபடியே கேட்டார்.

‘‘அப்போ அங்க பொறந்திருந்தா நான் கெதுத்தாடா? அப்படின்னா என்ன?’’

‘‘நாலாவது புள்ளைன்னு அர்த்தம் அத்தை. அவ்வளவுதான்.’’

‘‘அஞ்சாவதா வந்த உங்கப்பன்?’’

‘‘வயான். மறுபடி முதல்லேர்ந்து...’’

‘‘அங்கேயும் அவன்தான் முதலா!’’ என்று சிரித்தார். அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

‘‘நாலாவதுன்னா சும்மா கணக்குதானே? வேணும்னும் சொல்லலை, வேண்டாம்னும் சொல்லலை...’’

வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார்.

‘‘அது போதும்டா!’’