சர்க்கரையைப் பார்த்தேன், சாப்பாட்டைப் பார்க்கவில்லை

என் மாமியாருக்கு வயது 74. சர்க்கரை வியாதி வந்து 18 வருஷமாகிறது. "அத்தையை நீ பார்த்துக்கிற மாதிரி யாரு பார்த்துக்குவாங்க?" என்று அதியமான்கோட்டையில் எங்கள் தெருவே சொல்லும். எனக்கும் உள்ளூரப் பெருமைதான். சோற்றை நிறுத்தினேன். பழம், கிழங்கு எல்லாவற்றையும் நிறுத்தினேன். மூன்று வேளையும் சிறு உருண்டை கேழ்வரகுக் களி, கொஞ்சம் கீரைக் கடைசல். காலையில் நெல்லிக்காய்ச் சாறு. அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் பெயரில் உள்ள ஊராயிற்றே!

அத்தை மெலிந்துகொண்டே வந்தார். ரவிக்கை தோளில் நிற்கவில்லை. "சர்க்கரை உடம்பு அப்படித்தான்" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சென்ற ஆடி மாதம் காலில் முள் குத்திய புண் ஆறாமல் போகவே, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எடை பார்த்தார்கள். 41 கிலோ! இரண்டு வருஷத்துக்கு முன்பு 50 இருந்தவர்.

கிளம்பிய அவசரத்தில் அத்தையின் பல் செட்டை வீட்டிலேயே டம்ளரில் விட்டுவிட்டேன். கொடுத்த சப்பாத்தி அப்படியே திரும்பியது. "பசிக்கலை கண்ணு" என்பார். நானும் வற்புறுத்தவில்லை. சாப்பிடாவிட்டால் சர்க்கரை ஏறாது, நல்லதுதானே என்ற நினைப்பு!

மூன்றாம் நாள் காலை இன்சுலின் ஊசி போட வந்த நர்ஸ், "பாட்டி நல்லா சாப்பிடுறாங்களா?" என்று கேட்டார். "சாப்பிடுறாங்க சிஸ்டர்" என்று வாய் கூசாமல் சொன்னேன். ஊசி போட்டதும் அத்தை இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். நான் மருந்து வாங்கக் கீழே போய்த் திரும்பினால், வியர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது. என்னைப் பார்த்து, என்றோ செத்துப்போன தன் தங்கை பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்! சர்க்கரை 48க்கு இறங்கியிருந்தது. உடனே குளுக்கோஸ் ஏற்றியதால் பிழைத்தார்.

"சர்க்கரை ஏறினாத்தான் ஆபத்துன்னு நினைச்சீங்களா? வயசானவங்களுக்கு இறங்கினா ஆபத்து அதைவிடச் சீக்கிரம் வரும்" என்றார் டாக்டர்.

பிறகு உணவு ஆலோசகர் வந்து, வீட்டில் என்ன கொடுப்பேன் என்று கேட்டார். பெருமையோடு சொன்னேன். அந்தப் பெண் எழுதிக்கொண்டு, "சரிம்மா, இதுல புண் ஆறுறதுக்கு என்ன இருக்கு?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அவர் சொன்னதைச் சகோதரிகளுக்குச் சொல்கிறேன். களியும் மாவுச்சத்துதான், அளவு மீறினால் அதுவும் சர்க்கரையை ஏற்றும். புண் ஆறப் புரதம் வேண்டும். சாப்பாட்டில் அது போதாவிட்டால் உடம்பு தன் சதையையே கரைத்துக்கொள்ளும். வயதானவர்கள் நாலு நாள் படுக்கையில் கிடந்தாலே சதை வற்றிவிடும். நோயுற்ற முதியவருக்கு எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் புரதமாவது தினமும் தேவை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 7 கிராம்தான் இருக்கிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டே புரதத்தைக் கூட்ட வேண்டும்.

அன்று மாலையே பல் செட் வந்தது. களி சிறு உருண்டைதான். கூடவே கெட்டிப் பருப்பு, அவித்த முட்டை, பாசிப்பயறு, தயிர். மூன்று வேளையை ஆறாகப் பிரித்தேன். என்ன சாப்பிட்டார், எவ்வளவு மீதி வைத்தார் என்று நோட்டில் எழுதி, ஊசிக்கு முன் நர்ஸிடம் காட்டினேன். புண் ஆறச் சில வாரங்கள் ஆயின. இப்போது எடை 45.

அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மாத்திரை வீடு தேடி வரும். தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டியது நாம்தானே?

வீடு திரும்பிய பிறகு ஒருநாள், முட்டையை உரித்துக் கொடுத்தபோது அத்தை மெதுவாகச் சொன்னார்: "வீட்டுலயும் ராத்திரியெல்லாம் பசிக்கும் கண்ணு. கேட்டா சர்க்கரை ஏறிடும்னு நீ பயப்படுவியேன்னு பேசாம படுத்துக்குவேன்."

நான் அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இன்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்: "பசிக்குதா?"