சங்கத்தில் சேர்தல்

தமிழ் முதுகலை படித்தவர்களுக்குச் 'சங்கம்' சற்று அதிகமாகவே பழகிய சொல். இறையனார் களவியலுரை கூறும் மூன்று சங்கங்களில் தொடங்கி, 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நிறுவிய தமிழ்ச் சங்கம் வரை தேர்வுத்தாளில் எழுதி எழுதிக் கை தேய்ந்திருக்கிறது. ஓசூருக்குக் குடிவந்த பிறகு அதே சொல்லுக்கு இன்னொரு முகம் இருப்பது தெரிந்தது. இங்கே சங்கம் என்றால் ஆலை வாயிலில் நிற்கும் கொடிக்கம்பம், ஊதிய ஒப்பந்தம், சங்கத் தேர்தலுக்கு முந்தைய நாள் தேநீர்க் கடையில் நடக்கும் வாக்குவாதம். இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது வகைச் சங்கம் ஒன்றில் சேர அண்மையில் விண்ணப்பித்தேன். உளப்பகுப்பாய்வையும், குழுக்களுக்குள் மனித உறவுகள் இயங்கும் விதத்தையும் பயில்கிறவர்களின் தொழில்முறை அமைப்பு அது. செய்தி அறிந்த நண்பர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "தமிழ் டீச்சருக்கு அங்கே என்ன வேலை?"

கேள்வி நியாயமானது. விடையைக் கொஞ்சம் சுற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் பாடம் நடத்தும் வகுப்பறையில் நான்கு வீட்டு மொழிகள் உண்டு. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள். உருது பேசுகிறவர்களும் உண்டு. எழுபதுகளில் சிப்காட் வந்தது. அதைத் தொடர்ந்து வாகன ஆலைகளும் கடிகார ஆலையும் வந்தன. கடந்த சில ஆண்டுகளாக மின்னணுப் பொருள் ஆலைகள். தென் மாவட்டங்களிலிருந்தும் ஜார்க்கண்ட், ஒடிசா போன்ற மாநிலங்களிலிருந்தும் வந்த இளம்பெண்கள் விடுதிகளில் தங்கி வேலை செய்கிறார்கள். என் மாணவிகள் சிலருக்கு அக்காவோ தங்கையோ அங்கே இருக்கிறாள். சிலர் தாமே இரவுப் பணி முடித்துவிட்டுக் கம்பெனிப் பேருந்திலிருந்து இறங்கி நேரே குறுந்தொகை வகுப்புக்கு வருகிறார்கள். கண்ணைத் திறந்தபடியே தூங்கும் கலையை அவர்களிடம்தான் பார்த்தேன்.

நாக் குழு பார்வையிடும் என்பதற்காக எங்கள் ஒவ்வொருவருக்கும் இருபது மாணவர்களை ஒதுக்கி, 'வழிகாட்டி ஆசிரியர்' என்று பெயர் சூட்டி, ஒரு நோட்டையும் கொடுத்தார்கள். வருகைப்பதிவு, மதிப்பெண், குடும்ப வருமானம் ஆகியவற்றுக்கு அதில் கட்டங்கள் உண்டு. ஆனால் மாலையில் அறைக் கதவைப் பாதி சாத்திவிட்டு வந்து உட்காரும் பெண் சொல்வது எந்தக் கட்டத்திலும் அடங்குவதில்லை. "மேம், இத நோட்டுல எழுதிடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார்கள். என்ன சொன்னார்கள் என்பதை இங்கும் எழுதப்போவதில்லை. அகத்திணையில் தலைவன் தலைவியரின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்று தொல்காப்பியர் விதித்ததை இருபது ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். அது வெறும் கவிதை மரபு மட்டும்தானா என்ற ஐயம் இந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகே எனக்கு வந்தது.

நோய் என்று தெரிந்தால் வழி இருக்கிறது. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 முதல் 14416 என்ற டெலி மானஸ் உதவி எண் இருக்கிறது. அனுப்ப வேண்டியவர்களை அனுப்பிவிடுகிறேன். ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு நோய் இல்லை. வீட்டின் கடனைத் தன் சம்பளத்தால் அடைக்கும் மூத்த மகளுக்கு, அந்த வீட்டின் மீதே எழும் வெறுப்பு. அப்படி வெறுத்ததற்காகத் தன் மீதே எழும் அச்சம். இதற்கு மாத்திரை ஏது? கேட்டுக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். கேட்டவள் இரவு பதினொரு மணிக்கு அதை என்ன செய்வது என்பது மற்றொரு பிரச்சினை. வீட்டில் சொல்ல முடியாது. ஆசிரியர் அறையில் சொன்னால் மறுநாள் கல்லூரி முழுக்கப் பரவிவிடும். நான் சங்கம் தேடியது இங்கிருந்துதான்.

தமிழ் படித்தவள் இதைச் செய்யலாமா என்ற கேள்விக்கு ஒரு பழைய வழக்கு உண்டு. தியோடர் ரெய்க் என்பவர் 1912இல் வியன்னாவில் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வுப் பொருள், ஃப்ளாபேர் எழுதிய 'புனித அந்தோனியாரின் சோதனை'. இலக்கியம் படித்த அந்த மனிதர் உளப்பகுப்பாய்வாளராகப் பணியாற்றத் தொடங்கியபோது, மருத்துவர் அல்லாதவர் மருத்துவம் பார்க்கிறார் என்று அவர் மீது போலி வைத்தியக் குற்றம் சாட்டப்பட்டது. அவருக்காகவே ஃப்ராய்ட் 1926இல் ஒரு சிறு நூல் எழுதினார். உளப்பகுப்பாய்வாளருக்குத் தேவையான படிப்பில் புராணம், சமய உளவியல், பண்பாட்டு வரலாறு, இலக்கியம் எல்லாம் இடம்பெற வேண்டும் என்பது அதில் அவர் வைத்த வாதங்களில் ஒன்று. வழக்கு நிற்கவில்லை. ஆனால் அமெரிக்கச் சங்கம் இதை ஏற்கவில்லை. எண்பதுகளின் இறுதியில், உளவியலாளர்கள் நீதிமன்றம் சென்ற பிறகே, மருத்துவர் அல்லாதவர்களுக்கு அங்கே கதவு முழுமையாகத் திறந்தது. ஆக, சங்கம் என்பது சேர்ப்பதற்காக மட்டும் ஏற்பட்டதன்று. யாரை வெளியே நிறுத்துவது என்பதும் அதன் அன்றாட வேலைதான். முச்சங்க வரலாறு படித்த நமக்கு இதில் வியப்பேதும் இல்லை.

நம் நாட்டுக் கதை இன்னும் சுவையானது. 1921இல் கல்கத்தா மருத்துவர் கிரீந்திரசேகர் போஸ், உள அமுக்கம் பற்றித் தாம் எழுதிய நூலை ஃப்ராய்டுக்கு அனுப்பினார். அப்போது தொடங்கிய கடிதப் போக்குவரத்து ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகள் நீடித்தது. இருவரும் ஒருமுறைகூட நேரில் சந்தித்ததில்லை. 1922இல் போஸ் தம் வீட்டிலேயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். பன்னாட்டுச் சங்கமும் அதை ஏற்றுக்கொண்டது. தொடக்க உறுப்பினர் பதினைந்து பேரில் ஒன்பது பேர் தத்துவமோ உளவியலோ கற்பித்த கல்லூரி ஆசிரியர்கள்! நண்பர்களின் கேள்விக்கு நான் முதலில் எடுத்து நீட்டிய விடை இந்த எண்ணிக்கைதான். போஸ் கனவுகளைப் பற்றி வங்காளத்திலும் ஒரு நூல் எழுதினார். மேற்கத்தியரின் மனத்தில் கண்ட அதே உருவில்தான் இந்தியரின் மனத்திலும் ஈடிபஸ் சிக்கலைப் பார்க்க முடியுமா என்று ஃப்ராய்டிடமே மறுத்து வாதிட்டார். வாதம் வென்றதா என்பதைவிட, சங்கத்தில் இருந்துகொண்டே அதைச் செய்தார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இரண்டாவது கிளை தொழிற்சாலையிலிருந்து வருகிறது. ஓசூர்க்காரிக்கு நெருக்கமானதும் அதுதான். லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.கே. ரைஸ் 1953இல் அகமதாபாத் காலிகோ ஆலைக்கு வந்தார். தானியங்கித் தறிகள் போட்டும் உற்பத்தி எதிர்பார்த்தபடி உயரவில்லை. ஒரு தறிக்கூடத்தில் பல்வேறு வேலைகளைத் தனித்தனியாகச் செய்துகொண்டிருந்த தொழிலாளர்கள், யாருக்கு யார் துணை என்றே தெரியாமல் நின்றார்கள். குறிப்பிட்ட சில தறிகளுக்கு ஒரு குழு என்று பொறுப்பை ஒப்படைத்தால் என்ன என்ற யோசனையை ரைஸ் முன்வைத்தார். அதை மேலிருந்து நடைமுறைப்படுத்தும்முன் தொழிலாளர்களே எடுத்துக்கொண்டு, தாங்களாகவே குழுக்களைப் பிரித்துக்கொண்டார்கள். உற்பத்தி கூடியது, சேதம் குறைந்தது. ஆனால் எழுபதுகளில் எரிக் மில்லர் திரும்பிப் பார்த்தபோது ஒரு கூடத்தில்தான் அம்முறை நிலைத்திருந்தது. மற்றவை பழையபடி மேற்பார்வையாளர் கைக்குப் போயிருந்தன. அந்த ஒரு கூடத்தில் என்னதான் நடந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

'மனித உறவுகள்' என்ற சொல்லின் மீது எனக்கு ஐயமும் உண்டு. 1920களில் சிகாகோ அருகே ஹாதார்ன் ஆலையில் நடந்த ஆய்வுகளிலிருந்தே, தொழிலாளியின் குறையைச் செவிமடுத்துக் கேட்டுவிட்டுக் கூலியை அப்படியே வைத்திருக்கும் உபாயம் இது என்ற குற்றச்சாட்டு இருக்கிறது. அதை முழுவதுமாக என்னால் தள்ளிவிட முடியவில்லை. இந்தியாவில் இத்தகைய குழுப் பயிற்சியை 1972 முதல் நடத்திவரும் பயன்பாட்டு நடத்தை அறிவியல் சங்கம் போன்ற அமைப்புகளிலும் நிறுவனங்களின் மனிதவளத் துறையினர் கணிசமாக உண்டு. கொடிக்கம்பச் சங்கம் கேட்க வேண்டியதை இந்தச் சங்கம் கேட்காது. ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பிடிக்கக் கூடாது என்பதே என் எண்ணம்.

பெங்களூருக்கு வெளியே நடந்த முதல் பயிற்சி முகாமில் ஐந்து நாட்கள் இருந்தேன். பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்திருக்க, கூடவே ஒரு நெறியாளர். நிகழ்ச்சி நிரல் கிடையாது, தலைப்பு கிடையாது. நெறியாளர் ஏதாவது சொல்வார் என்று எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குழு தன் வேலையைச் செய்யாமல் தப்பிக்கும் வழிகளில், ஒருவரை முழுமுதற் காப்பாளராக்கி அவரிடம் சாய்வதும் ஒன்று என்று வில்ஃப்ரட் பியோன் எழுதியிருக்கிறார். படித்திருந்தேன். ஆனால் படித்தது உடம்பில் நடப்பது வேறு.

மூன்றாம் நாள், நெறியாளரிடம் கிடைக்காத ஆதரவைக் குழு என்னிடம் தேடத் தொடங்கியது. ஆங்கிலம் சரளமாகப் பேசும் இளைஞர்கள், தடுமாறிப் பேசும் என் பக்கம் திரும்பித் திரும்பிப் பேசினார்கள். ஒருவர் அழுதபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன். அப்போது கன்னடம் பேசும் ஒரு பெண்மணி, என்னுடன் அதுவரை அதிகம் பேசாதவர், "நீவு எல்லரிகூ அம்ம ஆகிபிட்ரி" என்றார். நீங்கள் எல்லோருக்கும் அம்மா ஆகிவிட்டீர்கள். குரலில் பாராட்டும் இருந்தது, வேறொன்றும் இருந்தது. இந்த இடத்தை நானா எடுத்தேன், அவர்கள் கொடுத்தார்களா என்று மீதி இரண்டு நாட்களும் பேசினோம். இடையில் எனக்குக் கோபம் வந்தது. அது தமிழில் வந்தது. யாரும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. கல்லூரியில் பாதி சாத்திய கதவுக்குப் பின்னால் எனக்குக் கிடைப்பதும் இந்த இடம்தான். அதில் ஒரு சுகமும் உண்டு. அந்தச் சுகத்தைப் பார்க்காமல் பிறர் துயரத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதில் உள்ள ஆபத்தை எந்தப் புத்தகமும் என் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. அந்தக் கன்னடப் பெண்மணி சொன்னார்.

ஊர் திரும்பிய பிறகு ஒரு மாணவி வந்து உட்கார்ந்தாள். வழக்கம்போல நாற்காலியை நகர்த்தவில்லை. அவள் நெடுநேரம் பேசாமலிருந்தாள், நானும் பேசவில்லை. அப்புறம் அவள் சொன்னது, இரண்டு ஆண்டுகளாக என்னிடம் சொல்லாத ஒன்று.

விண்ணப்பப் படிவம் எளிமையாகத்தான் இருந்தது. ரகசியம் காப்பதற்கான உறுதிமொழி, புகார் வந்தால் சங்கத்தின் நெறிமுறைக் குழு முன் வருவதற்கான ஒப்புதல், மாதந்தோறும் மூத்த உறுப்பினர் ஒருவரிடம் என் பணியைச் சொல்லிக் கேள்விகளுக்கு உட்படுவதற்கான சம்மதம். கட்டணம் கல்லூரி ஆசிரியருக்குக் கொஞ்சம் அதிகம்தான். 'பயிற்சி மேற்கொள்ள விரும்பும் மொழி' என்ற இடத்தில் தமிழ் என்று எழுதினேன். அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் அழைத்து, தமிழில் மேற்பார்வை செய்யக்கூடிய மூத்த உறுப்பினர் ஒருவர் சென்னையில் இருப்பதாகச் சொன்னார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை காலை ரயிலில் போய் இரவு திரும்ப வேண்டும். இப்போதைக்கு இணை உறுப்பினராக ஏற்றிருக்கிறார்கள். முழு உறுப்பினராவதற்கு இன்னும் இரண்டு முகாம்கள் முடிக்க வேண்டும். அடுத்தது டிசம்பரில், செமஸ்டர் விடைத்தாள் திருத்தும் அதே வாரத்தில். விடுப்புக் கடிதம் கொடுத்திருக்கிறேன். என்ன காரணம் என்று எழுதி வாங்கிவரச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.