பன்னிரண்டு வோல்ட் இசை

பலகையில் 'ஹைஃபை' என்ற எழுத்து மங்கலாகத் தெரிகிறது. அதன் கீழே தொங்குவது போன் கவர்களும் சார்ஜர் வயர்களும். வலப்பனைக் கடைத்தெருவில் நான் தேடிப்போன கடை அது. உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வாசலோடு சரி. முதலாளி, வேலையாள், காசாளர் எல்லாம் ஒரே ஆள்தான். ராகலைப் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் அவரை 'ரேடியோ பாஸ்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

"வாங்க தம்பி, ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காருங்க. அந்த ஸ்பீக்கர்ல மட்டும் சாயாதீங்க, கோன் கிழிஞ்சிரும்."

கொழும்பில் ஹைஃபை கடை என்றால் கண்ணாடி அறை, குளிரூட்டி, விலைச்சீட்டைப் பார்த்ததும் வருகிற நெஞ்சடைப்பு. மலையகத்தில் அந்தத் தொழிலை நடத்தியவர்கள் இந்த பாஸ்மார். பெட்டியோடு வந்ததை விற்றதைவிடத் தாங்களே கூட்டிக் கொடுத்ததும் திருத்தியதும்தான் அதிகம்.

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்கு மின்சாரம் மிகப் பிந்தி வந்தது. அதுவரை பாட்டென்றால் பெட்டரி. 1949இல் ரேடியோ சிலோன் என்று பெயர் பெற்று 1967இல் கூட்டுத்தாபனமான நிலையம், மயில்வாகனம், கே. எஸ். ராஜா, அப்துல் ஹமீத் என்று ஒவ்வொரு குரலாகத் தமிழ்நாட்டையே கட்டிப்போட்டிருந்த காலத்தில், இங்கே இஸ்தோப்பில் ஒரு ரேடியோவைச் சுற்றி நாலு வீட்டுச் சனம் உட்கார்ந்திருக்கும். பெட்டரி இறங்கினால் வெயிலில் காயவைத்து இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டுவார்கள். எழுபதுகளின் முற்பாதியில் இறக்குமதி இறுகிக் கிடந்தது. உள்நாட்டில் கூட்டிய யுனிக் ரேடியோவே பெரிய விஷயம். 1977க்குப் பிறகு கதவு திறந்தது. மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போன பெண்கள் திரும்பும்போது ரேடியோவும் கெசட்டும் சேர்ந்த டூ-இன்-வன் தூக்கி வந்தார்கள்.

"குவைத்துலயும் சவூதிலயும் கஷ்டப்பட்ட புள்ளைங்க காசுலதான் தம்பி இந்தப் பலகைய எழுதுனேன்," என்கிறார் பாஸ்.

டூ-இன்-வன் வாங்க வழியில்லாதவர்களுக்கு அவர் ஆம்ப் கூட்டிக் கொடுத்தார். சன்யோ கம்பனியின் எல்ஏ 4440 என்ற ஐசி. 'நாப்பத்துநாலு நாப்பது' என்று செல்லமாகச் சொல்கிறார். கார் ஸ்டீரியோவுக்காகச் செய்த சில்லு அது. இரண்டு பக்கமும் ஆறாறு வாட் தரும், இணைத்துக் கட்டினால் பத்தொன்பது வாட். காருக்கென்று செய்ததால் பன்னிரண்டு வோல்ட் பெட்டரியே போதும். மின்கம்பி எட்டாத லயத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? டவுனில் சார்ஜ் ஏற்றிய கார் பெட்டரியைச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்து மேட்டுக்குக் கொண்டுபோவார்கள். பெட்டி செய்யப் பலகை இல்லாத வீட்டில் மண்பானை வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்தால் பேஸ் வந்துவிடும். கண்ணாடி அறைக் கடைக்காரர் இதைக் கேட்டால் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பானைக்குள்ளே அடைபட்ட காற்று செய்கிற வேலையைத்தான் லட்ச ரூபாய்ப் பெட்டியும் செய்கிறது.

கடையின் மறுபாதி ஒரு காலத்தில் ரெக்கோடிங் பார். கொப்பியில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, அறுபது நிமிட டிடிகே கெசட்டை வைத்துவிட்டுப் போனால் அடுத்த சம்பளத்துக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கொப்பிகளில் ஒன்றைக் காட்டினார். பக்க ஓரத்தில் கடன் கணக்கு.

பேசிக்கொண்டே ஒரு பழைய டெக்கைத் திறந்தார். பெல்ட் உருகித் தார்போல் கப்பியில் ஒட்டியிருந்தது. ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்துப் புது பெல்ட் மாட்டினார். கெசட் ஓடியது, பாடகர் கம்பளிக்குள் இருந்து பாடுவது போல இருந்தது. ஹெட்டின் பக்கத்தில் சுருள்கம்பி போட்ட சின்ன ஆணி ஒன்று உண்டு. திருப்புளியை அதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கால் சுற்றுக்கும் குறைவான திருப்பு. ஜால்ரா பளிச்சென்று வெளியே வந்தது. இன்னும் ஒரு மயிரிழை திருப்ப, மறுபடி அமுங்கியது. திரும்பி வந்து, ஒலி திறந்த இடத்தில் நிறுத்தி, ஆணி நகராதபடி ஒரு சொட்டு நெயில் பொலிஷ் வைத்தார். அந்தக் கடையில் மீட்டர் ஒன்றையும் நான் பார்க்கவில்லை.

போன் வந்து இந்தத் தொழிலைக் கெடுத்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. அமெரிக்காவின் ரேடியோஷாக் 2015இலும் பிரித்தானியாவின் மேப்ளின் 2018இலும் விழுந்தபோது இணைய வியாபாரத்தையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். இங்கே கடைக்கு முதலில் அடி விழுந்தது பொருளுக்குள்ளேயே. மலிவு ரேடியோ ஒன்றைத் திறந்து பாஸ் காட்டினார்: பலகையின் நடுவில் கறுப்பு நிறத்தில் ஒரு சொட்டுப் பிசின். அதற்கு அடியில்தான் மொத்த ரேடியோவும். எண் கிடையாது, கால் கிடையாது, கழற்ற வழி கிடையாது. "இதுல நான் எங்க தம்பி அயன் வைக்கிறது?" பாட்டு கேட்கிற ஆட்கள் ஒரு நாளும் குறையவில்லை. பழுதானதை எடுத்துக்கொண்டு ஒருவரிடம் போகலாம் என்ற வழிதான் அடைபட்டது. விற்றவன், வாங்கியவர் முகத்தில் அடுத்த சம்பள நாளில் முழிக்க வேண்டியிருந்த காலத்தில் சத்தம் மோசமாக இருந்தால் கடை வாசலிலேயே கேட்டுவிடுவார்கள். இப்போது வாங்கும் புளூடூத் பெட்டிக்கு யாரும் பொறுப்பில்லை.

2022 ஒரு விசித்திரமான இடைவேளை. மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனது. பரணில் கிடந்த ரேடியோக்கள் இறங்கி வந்தன. காய்ந்துபோன கண்டன்சர் மாற்றியே அந்த மாதங்களை ஓட்டியதாகச் சொன்னார். ஆனால் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்றைம்பதைத் தாண்டியதில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து வரும் உதிரிப்பாக விலையும் ஏறியது. திருத்துகூலியைவிடப் பாகம் கூட என்றால் எந்தத் தோட்டத்துச் சனம் திருத்தும்?

இப்போதைய பிழைப்பு போன் சார்ஜிங் பின் மாற்றுவது, புளூடூத் பெட்டிக்கு லித்தியம் செல் போடுவது, ஆண்டுக்கொரு முறை கோயில் திருவிழாக்களுக்கு ஆம்ப் தயார் செய்வது. மகன் கொழும்பில் போன் கடையில் நிற்கிறார். தொழில் பழக யாரும் வரவில்லையா என்று கேட்டேன். "வந்தாங்க. ஈயப் புகையும் சம்பளமும் ஒத்துவரல."

நான் கிளம்பும் நேரம் கொழும்புக் கடைக்குப் போன் போட்டார். திருவிழா ஆம்ப் ஒன்றுக்கு இரண்டு 'நாப்பத்துநாலு நாப்பது' வேண்டுமாம். சன்யோ தன் சில்லுப் பிரிவை 2011இல் அமெரிக்கக் கம்பனிக்கு விற்றுவிட்டது. சந்தையில் சுற்றுவதில் பெரும்பாலும் நகல். போன முறை வந்ததில் ஒன்று, சத்தம் கூட்டாமலே கை வைக்க முடியாமல் கொதித்ததாம்.

"புதுசு வேணாம் முதலாளி. பழைய கார் செட்டுல கழட்டுனது இருந்தா அனுப்புங்க. ரெண்டும் ஒரே செட்டுல இருந்து வரணும்."